எங்கிருந்து ஒழுகுகிறது

செட்டுக்குழி ஏலக்காட்டு வாசலில்
நான் வண்டி நிறுத்தும் இடத்தைக் கேட்க வேண்டியதில்லை.
தாம்பாளம் அகலத்துக்குக் கறுப்பு.
மழைக்கும் கரையாது, புல்லும் அண்டாது.
சூப்பர்வைசர் பாபுச்சன்
பார்க்கும்போதெல்லாம் சொல்வார்:
"சுருளி, நின்றெ வண்டி மூத்ரம் ஒழிக்குன்னு."

தொண்ணூற்று நாலு மாடல் கமாண்டர்.
ஆர்சி புத்தகத்தில் ஐந்தாவது பெயர் என்னுடையது.
நாலரை மணிக்குக் கம்பத்தில்
பதினான்கு பெண்கள், பதினான்கு தூக்குவாளி,
ரப்பர் செருப்பு, பிளாஸ்டிக் கொங்காணி,
எல்லாம் ஏறியபின் கதவை
நான் இடுப்பால் சாத்துவேன்.
வாரத்துக்கு ஒன்றரை லிட்டர் ஆயில்.
குடிக்கிறது என்றார்கள்.
இல்லை, துப்புகிறது.

முதலில் அடிநட்டின் செம்பு வாஷர்.
பன்னிரண்டு ரூபாய். சொட்டியது.
பிறகு டாப்பெட் மூடிக்குத் தக்கை பேக்கிங்,
இரண்டு பக்கமும் பசை தடவி,
ஒரு ராத்திரி காயவிட்டு.
சொட்டியது.
பிறகு நெடுங்கண்டத்தில் பைலியின் ஒர்க்‌ஷாப்.
கியர்பாக்ஸை இறக்கி, கிளட்சைக் கழற்றி,
பின்பக்க சீல் மாற்ற
நாலாயிரத்து இருநூறும் இரண்டு நாளும்.
அந்த இரண்டு நாளும் பதினான்கு பேரும்
முத்தையாவின் வண்டியில் போனார்கள்.
மூன்று பேர் திரும்பி வரவே இல்லை.

புது சீலும் சொட்டியது.

ஒழுகும் இடத்தில் எண்ணெய் பிறப்பதில்லை.
மேலே எங்கோ கசிந்து
பிளாக்கின் முதுகோடு இறங்கி
காற்றடித்த பக்கம் ஒதுங்கி
கடைசியாகத் தாழ்வான ஒரு நட்டின் நுனியில்
ஒன்றும் தெரியாததுபோலத் தொங்கும்.
நான் அந்த நட்டைத்தான்
ஒரு வருசம் திட்டிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு மலை ஏறும்போது
மூன்றாம் கொண்டை ஊசியில் சிவப்பு விளக்கு எரிந்தது.
ஏழரைக்குள் காட்டில் இறங்காவிட்டால் அரைக்கூலி.
பின்னால் முணுமுணுப்பு.
கேனில் இருந்ததை ஊற்றினேன்.
என்ஜினை டீசலில் கழுவி, பனியன் துணியால்
இண்டு இடுக்கெல்லாம் துடைத்துவிட்டுக் கேட்டேன்:
"யாராவது பவுடர் வச்சிருக்கீங்களா?"

சிரிப்பு அடங்கியபின்
இருளாயி மட்டும் மஞ்சப்பையைத் துழாவினாள்.
குட்டிக்கூரா. புது டப்பா.
"பாதிதான்."
முழு என்ஜினுக்கும் பூசினேன்.
வெள்ளை வெளேரென்று நின்றது
பெண் பார்க்க வரப்போகிறார்கள் என்று
யாரோ சொல்லிவிட்டதுபோல.

இரண்டு வளைவு ஏற்றி
பானட்டைத் திறந்தேன்.
ஒரு கோடு இருக்கும் என்று பார்த்தால்
ஏழு கோடு.
டாப்பெட் மூடி, அளவுக்கம்பியின் துளை,
முன்பக்க சீல், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நானே
முறுக்கி மூடிய ஒவ்வொரு மூட்டும்
ஒரே நேரத்தில் வியர்த்திருந்தது.
இத்தனை இடமும் ஒன்றாகக் கெட்டுப்போகாது.
உள்ளே எதுவோ
எல்லாவற்றையும் வெளியே தள்ளுகிறது.

பிரீதர் குழாயைப் பிடுங்கி வாயில் வைத்து ஊதினேன்.
காற்று எனக்கே திரும்பி வந்தது.

போன மே மாதம் எஃப்சி இல்லாமல்
இருபது நாள் நின்றது வண்டி.
அப்போது ஒரு குளவி குடிவந்திருக்கிறது.
மண்ணும் கசடும் சேர்ந்து சிமெண்டு.
குச்சி ஒடிந்தது. கம்பி வளைந்தது.
இருளாயி ஒன்றும் சொல்லாமல்
தலையிலிருந்து எடுத்து நீட்டினாள்.
கொண்டை ஊசி வளைவில்
கொண்டை ஊசியால் குடைந்தேன்.
உலர்ந்த ஒரு புழுவும் உடன் வந்தது.

ஏழு நாற்பதுக்கு இறங்கினார்கள்.
பாபுச்சன் கடிகாரத்தைப் பார்த்தார்,
எழுதினார்.

செக்போஸ்டில் மூன்று நாள்
போலீஸ்காரர் மூக்கை உறிஞ்சி
பின்சீட்டைத் தேடினார்.
சூடேறிய என்ஜினில் வேகும் பவுடர்,
கல்யாண மண்டபம் தீப்பிடித்த வாசம்.
அரைக்கூலியும் பெரிய டப்பா ஒன்றும்
இருளாயியிடம் கொடுத்தேன்.
குலுக்கிப் பார்த்தாள்.
"ஊசி?" என்றாள்.

ராத்திரி வண்டிக்கடியில்
அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்தேன்.
காலையில் இரண்டு சொட்டு.
பின்பக்க சீலிலிருந்து.
நாலாயிரத்து இருநூறு ரூபாய் சீல்.